ஸ்பேஸ்மேன் ஸ்பிஃப் ஏன் எப்போதும் தரையில் மோதுகிறான்?

கடைசிபெஞ்ச்:

பில் வாட்டர்சன் வரைந்த அமெரிக்கப் பத்திரிகைப் படக்கதை கால்வின் அண்ட் ஹாப்ஸ் என்றாலே எல்லோரும் நேராகக் கால்வினின் புலி ஹாப்ஸிடம் போய்விடுகிறார்கள். புலி நிஜமா பொம்மையா என்ற சண்டை ஏற்கெனவே பல இழைகளில் ஓடி ஓய்ந்துவிட்டது. இங்கே அது வேண்டாம். எனக்குப் பேச வேண்டியது ஸ்பேஸ்மேன் ஸ்பிஃப் பற்றி, அதிலும் வகுப்பு நடக்கும்போது பறக்கிற ஸ்பிஃப் பற்றி.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால்வின் ஆறு வயதுப் பையன், முதல் வகுப்பு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே ஸ்பிஃப் ஆகிவிடுவான். கண்ணாடிக் குமிழ் வைத்த சின்னச் சிவப்பு விண்கலம், கண்ணில் காகிள்ஸ். தன் கதையைத் தானே மூன்றாம் மனிதன் போல வர்ணித்துக்கொள்வான்: அஞ்சாத நம் நாயகன் இதோ பறக்கிறான், எதிரி சுட்டுவிட்டான், இன்ஜின் போச்சு, பெயர் தெரியாத கிரகத்தை நோக்கி விழுகிறான். கட்டத்துக்குக் கட்டம் ஆபத்து ஏறும். ஒரு ராட்சதப் பிராணி அவனை நெருங்கும். கடைசிக் கட்டத்தில் பார்த்தால் டீச்சர் மிஸ் வோர்ம்வுட் மேஜை அருகில் நிற்கிறார், பையனுக்குக் கேள்வியே காதில் விழவில்லை.

இதை எல்லோரும் 'கற்பனையில் தப்பித்தல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தப்பித்துப் போகிறவன் போகிற இடத்தில் ஏன் அடி வாங்க வேண்டும்? போரடிக்கிற வகுப்பிலிருந்து ஓட நினைக்கிற பையன் தன்னை ராஜாவாக அல்லவா நினைத்துக்கொள்வான்? ஸ்பிஃபோ சுடப்படுகிறான், மோதுகிறான், பிடிபடுகிறான், விசாரிக்கப்படுகிறான். ஆளில்லாத நிலம், புரியாத பாஷை, தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய உருவம் ஒன்று பதில் கேட்டு மிரட்டுகிறது. முதல் வகுப்புப் பையனுக்குப் பள்ளிக்கூடம் அப்படித்தானே இருக்கும்? வகுப்பு அவனுக்கு எப்படித் தெரிகிறதோ அதைத்தான் அந்தக் கிரகத்தில் பார்க்கிறான், அளவை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு.

மறுப்பவர்கள் வரலாம்.

பழையபேப்பர்:

மறுக்க நான் இருக்கிறேன். முதலில் ஒன்று: இந்த உத்தி வாட்டர்சன் கண்டுபிடித்தது இல்லை. வின்சர் மெக்கே 1905-லேயே 'லிட்டில் நெமோ' படக்கதை போட ஆரம்பித்துவிட்டார். பையன் கனவில் எங்கெங்கோ போவான், கடைசிக் கட்டத்தில் படுக்கையில் விழித்துக்கொள்வான். 1939-இல் ஜேம்ஸ் தர்பர் வால்டர் மிட்டி கதையை எழுதினார். மனைவியோடு கடைக்குப் போகிற சாதாரண ஆள், வழியெல்லாம் தன்னைக் கடற்படைத் தளபதியாகவும் பெரிய சர்ஜனாகவும் நினைத்துக்கொள்கிறான். 1960-களில் 'பீனட்ஸ்' படக்கதை நாய் ஸ்னூப்பி தன் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து முதல் உலகப் போர் விமானத்தை ஓட்டியது. ஸ்பிஃப் இந்தக் குடும்பத்துக் கடைக்குட்டி. தோற்றத்தில் பழைய ஃப்ளாஷ் கார்டன் வகை விண்வெளிப் படக்கதைகளைக் கிண்டல் செய்கிறவன்.

ஆனால் ஸ்பிஃப் பிறந்த கதை உங்கள் பக்கம் பேசும், அதையும் சொல்லிவிடுகிறேன். பில் வாட்டர்சன் உயர்நிலைப் பள்ளியில் ஜெர்மன் வகுப்பில் உட்கார்ந்து ஒரு விண்வெளி வீரன் படக்கதை வரைந்தார். பெயர் ராவும்ஃபாரர் ரோல்ஃப். அதைக் கல்லூரியில் மாற்றி, பிறகு இன்னும் மாற்றி, ஸ்பேஸ்மேன் ஸ்பிஃப் என்ற தனித் தொடராகவே, பத்திரிகைகளுக்குப் படக்கதை விற்கும் சிண்டிகேட்டுகளுக்கு அனுப்பினார். அந்த ஸ்பிஃப் சின்னப் பையன் இல்லை. சாப்ளின் மீசையும் சுருட்டும் வைத்த குள்ளமான வாயாடி. யாரும் வாங்கவில்லை. பிறகு 1985 நவம்பர் 18 அன்று கால்வின் தொடர் வெளிவர ஆரம்பித்தபோது ஸ்பிஃப் அதற்குள் நுழைந்துகொண்டான்.

ஆக, பாடத்தைக் கவனிக்காத ஒரு மாணவன் வரைந்த வீரன், பிறகு பாடத்தைக் கவனிக்காத இன்னொரு பையனின் தலைக்குள் குடியேறினான். தனியாக நின்றபோது விலைபோகாதவன்.

இடையில் ஒன்று. வாட்டர்சன் வளர்ந்தது ஒஹையோ மாநிலத்தில் சாக்ரின் ஃபால்ஸ் என்ற ஊர். விண்வெளி வீரர்கள் நீல் ஆர்ம்ஸ்ட்ராங், ஜான் க்ளென் இருவரும் ஒஹையோக்காரர்கள்தான். தர்பரும் அங்கேதான். நிலாவில் ஆர்ம்ஸ்ட்ராங் இறங்கியபோது வாட்டர்சனுக்கு வயது 11. இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

கடைசிபெஞ்ச்:

அந்த வரிசையிலேயே வித்தியாசம் இருக்கிறது, அண்ணே. நெமோ தூங்குகிறான். தூங்குகிறவனை யாரும் எழுப்பி ஆறும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்பதில்லை. மிட்டியின் கனவில் ஏறக்குறைய எல்லாம் வெற்றி. எல்லோரும் அவனை அண்ணாந்து பார்க்கிறார்கள். கதையின் கடைசியில்தான் துப்பாக்கிகளுக்கு முன்னால் நிற்கிறான், அப்போதும் கம்பீரமாக. நிஜத்தில் கிடைக்காத மரியாதையை அவன் கனவில் எடுத்துக்கொள்கிறான். ஸ்பிஃபுக்குக் கனவிலும் மரியாதை கிடையாது. தன்னைத் தானே 'அஞ்சாத' என்று சொல்லிக்கொள்கிற வர்ணனை மட்டும்தான் மிச்சம். படத்தில் அவன் அலறிக்கொண்டிருப்பான்.

தனித் தொடராக விலைபோகாதது ஏன் என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன். அடிபடுகிற விண்வெளி வீரன் ஆயிரம் பேர் இருக்கலாம். அவன் அடிபடும்போது டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நமக்குத் தெரிந்தால்தான் சிரிப்பு.

ஐந்தாம்கிரகம்:

அவன் எப்போதும் தோற்கிறான் என்பதை ஏற்க மாட்டேன். சில ஸ்ட்ரிப்களில் சுடுகிறான், தப்பி ஓடுகிறான். அதோடு ஸ்பிஃப் வகுப்போடு நிற்பதில்லை. வீட்டில் குளிக்க வைத்தால் கொதிக்கும் திரவத்தில் சித்திரவதை. அப்பா உட்கார வைத்து நல்லொழுக்கம் பேசினால் அதுவும் வேற்றுக்கிரக மன்னனின் சித்திரவதை. அப்படியிருக்க, பள்ளிக்கூடம் என்று மட்டும் ஏன் சுருக்குகிறீர்கள்?

கடைசிபெஞ்ச்:

சுருக்கவில்லை, அது நடக்கிற முக்கிய இடம் வகுப்பு என்கிறேன். வீட்டில் ஸ்பிஃப் வருகிற நேரங்களைப் பாருங்கள்: குளியல், சாப்பாடு, அறிவுரை. உருவத்தில் பெரியவர் ஒருவர் உத்தரவு போடுகிற நேரம். யாரும் உத்தரவு போடாத இடத்தில் ஸ்பிஃபுக்குப் பெரிய வேலை இருப்பதில்லை. வகுப்பு காலையிலிருந்து மாலைவரை உத்தரவு, அதனால் அங்கே கடை நிரந்தரமாகத் திறந்திருக்கிறது.

சுடுவதைப் பற்றி: சுட்டபிறகு வரும் கட்டத்தையும் பாருங்கள். சுட்டது டீச்சர் மீதோ வகுப்புத் தோழி சூசி மீதோ என்று தெரியவரும். அடுத்து பிரின்ஸிபல் ஸ்பிட்டில் அறை. தப்பித்து ஓடினால் போய்ச் சேருமிடம் வீடு, வாசலில் அம்மா.

சாக்பீஸ்:

பல வருடங்களாகத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இந்த இழை முழுக்க அந்தப் பையனின் இருக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கரும்பலகைப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பாருங்கள்.

மிஸ் வோர்ம்வுட் என்ற பெயரே சி. எஸ். லூயிஸ் எழுதிய ஒரு நாவலில் வரும் பயிற்சிப் பிசாசின் பெயர். பையன் பார்வையில் அது பொருத்தம்தான். ஆனால் வாட்டர்சன் தன் பத்தாம் ஆண்டுத் தொகுப்பில் இவரைப் பற்றி எழுதும்போது அனுதாபத்தோடு எழுதுகிறார்: ஓய்வு பெறும் நாளை எதிர்பார்த்திருக்கிறார், மருந்து நிறைய சாப்பிடுகிறார், படிப்பின் மதிப்பை மனதார நம்புகிறார், அதனாலேயே சந்தோஷமில்லாதவர். இதைப் படித்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு உள்ளே வந்து எட்டிப் பார்த்தாரா என்று தோன்றியது.

எனக்குப் பிடித்த ஸ்பிஃப் ஸ்ட்ரிப் கணக்குப் பாட ஸ்ட்ரிப். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். 6 + 5 எவ்வளவு என்பது கேள்வி. ஸ்பிஃப் பறக்கிறான், எதிரே இரண்டு கிரகங்கள், ஒன்று ஆறு, இன்னொன்று ஐந்து. ஆறாம் கிரகத்தை இழுத்துக்கொண்டு போய் ஐந்தாம் கிரகத்தின் மேல் மோதவிடுகிறான். ஐந்து தூள் தூள். ஆறு அப்படியே நிற்கிறது. ஆகவே விடை 6.

இதைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டு 'குழந்தையின் கற்பனைச் சக்தி' என்பார்கள். நான் இதைத் திருத்த வேண்டிய ஆள். அவன் சோம்பேறி இல்லை என்பது இதில் தெரிகிறது. கேள்வியை எடுத்தான், மாதிரி ஒன்று செய்தான், பரிசோதித்தான், விளைவைப் பார்த்து எழுதினான். வழிமுறையில் ஒரு குறையும் இல்லை, கூட்டல் என்றால் மோதல் இல்லை என்பதைத் தவிர. நான் குச்சிகளையும் புளியங்கொட்டைகளையும் கொடுத்துக் கூட்டச் சொல்லும்போது அதுவும் இரண்டு குவியலை ஒன்றோடொன்று தள்ளுவதுதான். அவை உடைவதில்லை என்பதால் 11 வருகிறது. கிரகம் உடைகிறது. தப்பான விடை எழுதிய எத்தனை பிள்ளைகளிடம் "எப்படிக் கண்டுபிடித்தாய்" என்று கேட்க எனக்கு நேரம் இருந்திருக்கிறது? நாற்பது நோட்டு திருத்த வேண்டியிருக்கும்போது சிவப்புப் பேனாவில் ஒரு கோடு, அவ்வளவுதான். மிஸ் வோர்ம்வுட்டும் அதைத்தான் செய்வார். அதற்காக அவரைப் பிசாசு என்று சொல்லாதீர்கள்.

கடைசிபெஞ்ச்:

சாக்பீஸ் மேடம், என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆறும் ஐந்தும் அவன் கனவுக்குள்ளும் வந்துவிடுகின்றன பாருங்கள். கேள்வியை வெளியே விட்டுவிட்டு அவனால் பறக்க முடியவில்லை.

சாக்பீஸ்:

சாட்சி சொல்ல வரவில்லை, புகார் கொடுக்க வந்தேன்.

தூரிகை:

வரைகிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம். நீங்கள் எல்லோரும் கதையை வைத்து வாதாடுகிறீர்கள். வாட்டர்சனே எழுதியிருக்கிறார்: ஸ்பிஃப் கதைகளில் கதைக்கான சாத்தியம் குறைவு, வரைவது அவ்வளவு குஷியாக இருப்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன் என்ற பொருளில். எனக்கு அது போதும்.

வகுப்பறையை அவர் எப்படி வரைகிறார் என்று கவனியுங்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பின்னால் பெரும்பாலும் வெறும் வெள்ளை. ஜன்னல்கூட தேவைப்பட்டால்தான். அடுத்து கிரகத்தைப் பாருங்கள். செங்குத்தான பாறைத் தூண்கள், நீண்ட நிழல்கள், அடிவானம் எங்கோ தள்ளி. தூரிகையால் இழுத்த கருப்பு மை கோடு தடித்து மெலிந்து போகும். அந்த நிலப்பரப்பு கற்பனையும் இல்லை. தெற்கு யூட்டா மாநிலத்தின் பள்ளத்தாக்குகளும் பாலைவனமும்தான் பெரும்பாலான ஸ்பிஃப் கிரகங்களுக்கு மூலம். தன்னால் கற்பனை செய்ய முடிந்ததைவிட அந்த இடம் விநோதமானது என்று அவரே சொல்கிறார். அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தை ஜார்ஜ் ஹெரிமன் தன் 'க்ரேஸி கேட்' தொடரில் அதற்கு முன்பே வரைந்து தள்ளியிருக்கிறார். வாட்டர்சன் ஹெரிமனின் பரம ரசிகர்.

அதாவது நிஜமான வகுப்பறையை அட்டைப் பெட்டி போல வரைந்துவிட்டு, இல்லாத கிரகத்துக்கு நிஜ மண்ணை எடுத்துவந்து கொட்டுகிறார். எது கனவு, எது நிஜம் என்பதில் கை யார் பக்கம் சாய்கிறது என்று கோடே சொல்லிவிடும். கடைசிபெஞ்ச் தம்பி சொல்கிற 'வகுப்பைத்தான் பார்க்கிறான்' என்பது பாதிதான் சரி. கிரகத்தில் அவன் பயப்படுகிறான், சரி. ஆனால் அந்தக் கிரகம் அழகாகவும் இருக்கிறது. வகுப்பில் அந்த அழகு எங்கே?

இன்னொன்று, இடம். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பத்திரிகைகள் தங்கள் வசதிக்கு மேல் வரிசையை வெட்டி எறிந்துவிட்டுப் போடும். அதனால் ஓவியர்கள் முதல் வரிசையில் முக்கியமான எதையும் வைக்க முடியாது, கட்டங்கள் ஒரே சட்டகத்தில் விழ வேண்டும். வாட்டர்சன் 1991-இல் ஒன்பது மாதம் ஓய்வெடுத்துவிட்டு 1992 பிப்ரவரியில் திரும்பியபோது, பக்கத்தை வெட்டவே கூடாது, அரைப் பக்கம் முழுசாகப் போட வேண்டும் என்று சிண்டிகேட் மூலம் நிபந்தனை வைத்துவிட்டார். பல ஆசிரியர்கள் கோபப்பட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் வந்த ஞாயிறு ஸ்பிஃப்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பின்னதில் விண்கலம் ஒரு புள்ளியாகச் சிறுத்து, கிரகம் பக்கத்தை விழுங்கியிருக்கும். தனியாக இருக்கிற பயம் அந்த வெற்றிடத்தில்தான் வருகிறது.

அப்பாடூட்டி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பையன் இரண்டாம் வகுப்பு. "கூப்பிட்டால் திரும்புவதில்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று பள்ளியிலிருந்து எழுதி அனுப்புகிறார்கள். கேட்டால் ரோபோ சண்டை நடந்துகொண்டிருந்ததாம். கால்வினுக்கே ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்று நெட்டில் நிறைய எழுதியிருக்கிறார்களே? கடைசி ஸ்ட்ரிப்பில் அவன் மாத்திரை சாப்பிட்டதும் புலி வெறும் பொம்மையாகிவிடும், படித்துவிட்டு மனசு கஷ்டமாகிவிட்டது.

பழையபேப்பர்:

அது வாட்டர்சன் வரைந்தது இல்லை. யாரோ ரசிகர் செய்து சுற்றில் விட்டது, வருடக்கணக்காக 'கடைசி ஸ்ட்ரிப்' என்ற பெயரில் ஃபார்வர்ட் ஆகிறது. நிஜமான கடைசி ஸ்ட்ரிப் 1995 டிசம்பர் 31, ஞாயிறு. புதுப் பனி விழுந்திருக்கும், இருவரும் சறுக்குவண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். மாத்திரையும் இல்லை, டாக்டரும் இல்லை.

இரவுப்பணி:

குழந்தைகள் மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். கோட்டில் வரைந்த பையனுக்கு நோய் கண்டுபிடிப்பது எனக்குப் பிடிக்காத விளையாட்டு. கவனக்குறைவை மையமாக வைத்த நோய்ப் பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் வந்தது 1980-இல், ஏ.டி.எச்.டி. என்ற பெயர் 1987-இல், கால்வின் வெளிவந்துகொண்டிருந்த காலத்தில். இன்றைய விதிப்படி அறிகுறிகள் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு சூழல்களில் இருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். கால்வின் டைனோசர் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறானே, அதனால் ஏ.டி.எச்.டி. இல்லை என்று சொல்லவும் முடியாது. பிடித்த விஷயத்தில் மூழ்கிப்போவது அந்தப் பிள்ளைகளிடமும் உண்டு. ஆக, படக்கதையை வைத்து இரண்டு பக்கமும் முடிவு கட்ட வேண்டாம்.

மனம் அலைவது மட்டும் நோய் இல்லை. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களின் மனம் விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் செய்கிற வேலையில் இல்லை என்று வந்தது. அதே ஆய்வு, அலையும் மனம் சந்தோஷமாக இல்லை என்றும் சொன்னது. ஸ்பிஃப் ஏன் மோதிக்கொண்டே இருக்கிறான் என்ற கேள்விக்கு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்பாடூட்டி, உங்களுக்கு ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். "எங்கேயோ பார்க்கிறான்" என்ற புகாரில் நாங்கள் முதலில் பிரித்துப் பார்ப்பது இதை: தோளைத் தொட்டால், பெயர் சொல்லிப் பக்கத்தில் கூப்பிட்டால் வெளியே வருகிறானா? ரோபோ சண்டை என்று கதை சொல்கிறான் என்றால் பெரும்பாலும் பகற்கனவு. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் சில விநாடிகள் உறைந்து, தொட்டாலும் தெரியாமல், கண் இமை துடித்து, அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்ந்தால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். நாலு வயதிலிருந்து பத்து வயதுக்குள் ஆரம்பிக்கும், ஒரு நாளில் பலமுறை வரும், வகுப்பில் பகற்கனவு என்றே நினைத்துவிடுவார்கள். அப்படி ஏதாவது பார்த்திருந்தால் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும், மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும்.

அப்பாடூட்டி:

நன்றி டாக்டர். தொட்டால் திரும்புகிறான், கோபத்தோடு. சண்டையின் நடுவில் கலைத்துவிட்டேனாம்.

மௌனவாசகி:

நான் இங்கே எழுதுவதே அபூர்வம், ஆனால் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. ஸ்பிஃப் பறக்கும்போது ஹாப்ஸ் எங்கே?

வகுப்பில் கால்வின் அநேகமாக எப்போதும் தனி ஆள். புலி வீட்டில் இருக்கும். மூன்று மணிக்கு மேல் வாசலில் பாய்ந்து தள்ளுவதற்காகக் காத்திருக்கும். பக்கத்தில் சூசி இருக்கிறாள், அவளோடு ஓயாத சண்டை. முரட்டுப் பையன் மோ அடிக்கிறான். நண்பன் என்று சொல்ல அந்தக் கட்டிடத்தில் ஒருவன்கூட இல்லை. அந்த நேரத்துக் கற்பனைதான் ஸ்பிஃப், அங்கே அவனுக்குத் துணைவீரன் கிடையாது.

இதோடு ஒப்பிட இன்னொரு விண்வெளிப் பயணம் இருக்கிறது. பூமி அசுத்தமாகிவிட்டது என்று கோபித்துக்கொண்டு கால்வினும் ஹாப்ஸும் இழுவண்டியில் ஏறிச் செவ்வாய்க்குப் போவார்கள். அங்கே சண்டை இல்லை, சுடுவது இல்லை. வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் ஒரு செவ்வாய்வாசி வருகிறது, அது இவர்களைப் பார்த்துப் பயப்படுகிறது. மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஒரே பையன், இரண்டு விண்வெளி. ஹாப்ஸ் கூட இருந்தால் வேற்றுக்கிரகவாசி பயந்து ஒளிகிறது. ஹாப்ஸ் இல்லாவிட்டால் பல்லைக் காட்டிக்கொண்டு துரத்துகிறது. தூரிகை அண்ணா கேட்ட அழகு, டாக்டர் சொன்ன சந்தோஷமின்மை இரண்டுமே எனக்கு இங்கேதான் பொருந்துகின்றன. ஸ்பிஃப் தோற்பது டீச்சரால் என்று நான் நினைக்கவில்லை. கூட ஆள் இல்லாததால்.

கடைசிபெஞ்ச்:

இதற்கு நான் என்ன சொல்ல. மிஸ் வோர்ம்வுட்டைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் வகுப்பைப் பார்த்துத்தான் கிரகத்தைச் செய்கிறான் என்பதை விட மாட்டேன். தனியாக இருப்பதும் அந்த வகுப்பின் ஒரு பகுதிதானே? ஆளில்லாத பாறை நிலம் வேறு எங்கிருந்து வந்தது?

தூரிகை:

யூட்டாவிலிருந்து.

ஐந்தாம்கிரகம்:

😂

சாக்பீஸ்:

மௌனவாசகி எழுதியதைப் படித்ததும் என் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்கிற பிள்ளைகள் யார் யாரோடு சேர்ந்து டிபன் சாப்பிடுகிறார்கள் என்று நாளை பார்க்கத் தோன்றுகிறது. பகற்கனவு காண்கிறவர்களை இதுவரை முன் பெஞ்சுக்கு மாற்றித்தான் பழக்கம். முன் பெஞ்சிலும் தனியாகத்தான் இருப்பார்கள் என்று யோசித்ததில்லை.

சரி, வகுப்பு நூலக அலமாரிக்கு ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். ஸ்பிஃப் அதிகம் உள்ளது எது?

பழையபேப்பர்:

2005-இல் வந்த முழுத் தொகுப்பு வேண்டாம். மூன்று பெரிய அட்டைப் புத்தகங்கள், பிள்ளைகள் தூக்கவே முடியாது. 1989-இல் வந்த 'லேஸி சண்டே புக்' வாங்குங்கள். வண்ணத்தில் ஞாயிறுப் பக்கங்கள், அதோடு அந்தப் புத்தகத்துக்கென்றே வரைந்த தனி ஸ்பிஃப் கதை ஒன்றும் உண்டு. உங்களுக்கென்றால் 1995-இல் வந்த பத்தாம் ஆண்டுத் தொகுப்பு. ஓரங்களில் வாட்டர்சன் எழுதிய குறிப்புகளுக்காகவே வாங்கலாம், நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். பொம்மை, டி-ஷர்ட் என்று எதையும் தேடாதீர்கள். பண்டமாக்க விடமாட்டேன் என்று சிண்டிகேட்டோடு வருடக்கணக்கில் சண்டை போட்டவர், அதிகாரபூர்வமாக அப்படி ஏறக்குறைய எதுவுமே கிடையாது. கடைகளில் தொங்குவது எல்லாம் திருட்டு.

சாக்பீஸ்:

வாங்கிவிடுகிறேன். ஆனால் கூட்டல் பாடம் முடிகிறவரை அலமாரி பூட்டித்தான் இருக்கும்.